தள்ளிவைத்த தேதி

ஜூலை 3, புதன்

காலை எடை 47.8. பிரஷர் 150/90. தண்ணீர் இதுவரை ஒன்றரை டம்ளர்.

டயாலிசிஸ் சென்டர் சிஸ்டர் வாணிக்கு இந்த மூன்றையும் பார்த்துத் தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார். பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தபோது கொடுத்த டைரி ஒன்று பீரோவில் கிடந்தது. பக்கம் பெரிது. மூன்று எண்களை எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட மனம் வரவில்லை.

என் மனைவி கோகிலவாணி வீட்டிலிருந்தே கம்பெனி ஆட்களுக்குக் கேரியர் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். 'வாணி கேரியர்' என்று வீடியோ சேனலும் அவள் ஆரம்பித்ததுதான். இரண்டு வருடத்தில் தொள்ளாயிரம் பேர் சேர்ந்தார்கள். போன வருடம் மே மாதம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முதல் டயாலிசிஸுக்கு அவள் போனதை நான் போனில் எடுத்துப் போட்டேன். ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சேனல் பெயரை 'வாணியின் போராட்டம்' என்று மாற்றினேன்.

வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். கூட ஆள் வேண்டும், வீடியோவும் வேண்டும். அக்டோபரில் வேலையை விட்டேன். இப்போது மாதாமாதம் பணம் கட்டும் மெம்பர்கள் 640 பேர். அவர்களுக்கு மட்டும் தனி வீடியோ, தனி லைவ். ஊசி மருந்தும் வீட்டு வாடகையும் அதில்தான் நடக்கிறது.

வாணிக்கு அவள் அக்கா வசந்தாமணி சிறுநீரகம் கொடுக்கிறார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். டெஸ்ட் எல்லாம் முடிந்து பொருந்திவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி தேதி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஜூலை 5, வெள்ளி

எடை 48.4. தண்ணீர் மூன்று டம்ளர், அதற்கு மேல் அவள் குடிக்கக் கூடாது.

சுரைக்காயை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைப்பதை எடுத்தேன். அவள் உடம்புக்கு ஆகாத பொட்டாசியம் போக வேண்டும். நடுவில் அக்கா போன் செய்தார். மில் கேன்டீனில் ரசத்துக்குள் யாரோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்ட கதை. வாணி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிறது.

எடிட்டிங்கில் அந்த இடத்தை வெட்டிவிட்டேன். 'இதைக்கூடச் சாப்பிட முடியாத வாணி' என்று தலைப்பு வைத்திருக்கும்போது சிரிப்பு ஒட்டாது.

வீடியோவைப் பார்த்துவிட்டு, "நான் சிரிச்சது வரலீங்களே?" என்றாள்.

"அந்த இடத்துல வெளிச்சம் சரியில்ல" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்றாவது மணி நேரத்தில் வாணிக்கு இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. "காலைப் புடிங்க, காலைப் புடிங்க" என்று கத்தினாள். பிடித்தேன். போன் இன்னொரு கையில் இருந்தது.

சிஸ்டர் ஓடிவந்து இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். "சார், அந்தப் போனைக் கீழ வைங்க மொதல்ல" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னது சங்கடமாக இருந்தது.

மெம்பர் 702.

ஜூலை 12, வெள்ளி

பத்தரை மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து போன். ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் ஷீபா மேடம். 29ஆம் தேதி ஆபரேஷன் வைக்கலாம், 24ஆம் தேதி இரண்டு பேரும் வந்து அட்மிட் ஆக வேண்டும் என்றார். படிவத்தில் இரண்டு பேருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். அக்காவின் போனை மில் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வாணிக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். காலையில் இரண்டு முறை தும்மினாள். ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள், அந்த நேரத்தில் சளி இருந்தால் ஆபத்து என்று அவர்களேதான் சொல்லியிருக்கிறார்கள்.

"சரி, குணமானதும் கூப்பிடுங்க. அடுத்த ஸ்லாட் பார்க்கலாம்" என்றார்.

வாணியிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். அக்காவும் வருவார்.

ஜூலை 14, ஞாயிறு

எடை 48.9. அக்கா வந்தார். வாணிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். மூன்று மாத லீவுக்கு மில்லில் எழுதிக்கொடுத்துவிட்டாராம்.

"ஆஸ்பத்திரியில ஏதாச்சும் சொன்னாங்களா மாப்ள?"

"இன்னும் இல்லீங்க்கா."

"சித்தெ நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன். இந்தப் புள்ள முகம் எப்படி வீங்கிக் கெடக்குது பாருங்க."

கேட்கிறேன் என்றேன். தண்ணீர்த் தொட்டி மூடி உடைந்திருந்ததால் கடைவீதிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

டயாலிசிஸ் நடக்கும்போது சேலத்து ஜோடி ஒன்றின் சேனலைப் பார்த்தேன். கணவருக்கு மார்ச்சில் மாற்று சிறுநீரகம் வைத்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு வீடியோவும் மூன்று லட்சம், நாலு லட்சம். ஆபரேஷன் அன்று ஒன்பது லட்சம். ஏப்ரலில் ஐம்பதாயிரம். போன வாரம் ஏற்காடு போன வீடியோ, 1,212.

மனிதர் நன்றாகத் தேறிவிட்டார். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சும்மாதான் பார்த்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் மாத்திரைச் செலவு அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஆயிரம் மெம்பர் சேர்ந்துவிட்டால் கொஞ்சம் கைவசம் இருக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. 'ஆபரேஷனுக்கு முன் வாணி' என்று தொடர் ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

ஷீபா மேடம் மறுபடி கூப்பிட்டார். பாத்ரூம் பக்கம் போய்ப் பேசினேன். இருமல் இன்னும் நிற்கவில்லை என்றேன்.

ஜூலை 24, புதன்

எடை 49.6. பிரஷர் 170/100. மெம்பர் 881.

இன்று வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 27, சனி

மலேசியாவிலிருந்து புனிதா அம்மா தினமும் கமெண்ட் எழுதுவார். வாணியைத் தன் மகள் என்றுதான் சொல்வார். அங்கே பத்துமலைக் கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து போட்டோ அனுப்பியிருக்கிறார். "ஆபரேஷன் எப்போ கண்ணு? நாங்க எல்லாரும் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கோம்."

இதற்கு நான்தான் பதில் எழுதுவேன், வாணி எழுதுவதுபோல. "ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை அம்மா. கடவுள் விட்ட வழி" என்று எழுதினேன். நானூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 29, திங்கள்

தொட்டியைக் கழுவினேன். புது மூடி பொருந்தவில்லை.

வாணி வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"சும்மா கேட்டேன்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

லைவ் போனோம். வாணிக்கு உட்கார முடியவில்லை, சுவரில் தலையணை வைத்துச் சாய்த்தேன். யாரோ கேட்டார்கள், "அக்கா, இப்போ உங்களுக்கு என்ன ஆசை?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒண்ணும் வேண்டாம் சாமி. ஒரே ஒரு சொம்பு பச்சத்தண்ணி, அண்ணாந்து, மூச்சு விடாம குடிக்கணும். அப்பறம் என்ன ஆனாலும் சரி."

திரை முழுக்கப் பரிசும் இதயமுமாகக் கொட்டியது. என்னால் படிக்கவே முடியவில்லை. அந்த முப்பது நொடியை மட்டும் வெட்டி மதியமே போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அந்தத் துண்டு பதினோரு லட்சம். மெம்பர் 1,043. ஆயிரம் தாண்டிவிட்டது. காலையில் சொல்லத்தான் வாணியிடம் ஓடினேன்.

அவள் அந்தத் துண்டைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அதற்குச் சோக இசை சேர்த்து மறுபடி போட்டிருந்தார்கள்.

"நான் சாகறதப் பாக்கத்தான் காசு கட்டறாங்களா?" என்றாள்.

"அன்புல கட்டறாங்க வாணி. உனக்காக அழறாங்க."

"அழட்டும். நான் எந்திரிச்சு உக்காந்தா யாரு அழுவாங்க? நீங்க அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

என்ன கேள்வி இது. அவளுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் பேசுகிறாள். டயாலிசிஸுக்கு ஆட்டோ வந்துவிட்டது.

ஆயிரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் பெரிய கூட்டம் வந்திருக்கும் நேரம் இது. ஒரு மாதம் இப்படியே போனால் மாத்திரைக் கவலை இரண்டு வருடத்துக்கு இல்லை. ஒரே ஒரு மாதம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எடை பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம், அந்த இரண்டு நாளும் தண்ணீர் ரொம்பக் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். காலையில் நான் உள் அறையில் ஹெட்போன் மாட்டி எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தால் வாணி சமையலறைத் தரையில் கிடந்தாள். மூச்சு இழுக்க முடியவில்லை, வாயில் நுரை நுரையாகக் குமுறியது. உதடு நீலம். பக்கத்தில் பித்தளைச் சொம்பு காலியாக. குடத்திலும் பாதிதான் இருந்தது.

நுரையீரல் முழுக்க நீர் என்றார் டாக்டர். மூச்சுக்குழாய் போட்டிருக்கிறார்கள். "எவ்வளவு குடிச்சாங்க? ஏன் விட்டீங்க?" என்றார்.

தாகம் சார் என்றேன். தாகம்தான். வெயில் அப்படி.

மெம்பர்களுக்கு ஒரு வரி போட வேண்டியிருந்தது, கவலைப்படுவார்கள். 'வாணி ஐ.சி.யு.வில். வேண்டிக்கொள்ளுங்கள்.' படம் எடுக்க உள்ளே விடவில்லை. கதவைத்தான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். கண் திறந்தாள்.

மாலை நாலு மணிக்கு அக்கா வந்தார். மில் சீருடையோடு நேராகக் கோயம்புத்தூர் போய்விட்டு வருகிறார். என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்து சலித்து, தானே ஆஸ்பத்திரிக்குப் போய் ஷீபா மேடத்தைப் பார்த்திருக்கிறார். காரிடாரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ற தங்கச்சிக்கு எப்பப் புடிச்சுதுங்க சளி?"

கையிலிருந்த போனைத் திருப்பி மடியில் வைத்தேன்.

"இருபத்தொம்பதாந்தேதி நாள் குடுத்தாங்களாம். ரெண்டு தடவ போன் போட்டாங்களாம். நான் எல்லாத்தயும் எழுதிக் குடுத்துப்போட்டு, வயித்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் மாப்ள. ஞாயித்துக்கெழம உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே. இல்லீங்க்கான்னு சொன்னீங்களே."

"மாத்திரைச் செலவுக்குத்தாங்க்கா. அவளுக்காகத்தான். ஒரு மாசம் மட்டும்..."

"அவ செத்திருந்தா?"

நர்ஸ் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். என்ற வாயால அத அவ கேக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்க."

ஆகஸ்ட் 17, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிரஷர் அதிகமாக இருக்கிறது. இன்று சொல்வது நல்லதல்ல.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றும் முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஸ்பூனில் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கும் சொல்லப்போறது இல்லீங்களா?" என்றாள்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"அன்னிக்கு பாத்ரூம் பக்கம் நின்னு பேசுனீங்க. இருமல் நிக்கலீங்க மேடம்னு. நான் சுவத்துக்கு இந்தப் பக்கந்தான் துணி மடிச்சிட்டு இருந்தேன்."

ஜூலை 19. ஒரு மாதம்.

"அப்பவே ஏன் கேட்கல?"

"நான் கேட்டா நீங்க ஆமான்னு சொல்லியிருப்பீங்க. தேதி வாங்கியிருப்பீங்க. எனக்கு அது வேண்டியிருக்கல. நீங்களா வந்து சொல்லோணும்னு இருந்துச்சு. காலைல எந்திரிச்சா இன்னிக்குச் சொல்லிருவாரு, சாயங்காலம் ஆனா நாளைக்குச் சொல்லிருவாரு. நீங்க கேமராவத் தொடைக்கறப்பெல்லாம் உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

"வாணி, நான்..."

"அன்னிக்குத் திங்கக்கெழம காலைல பாத்தேன். ஹெட்போன் போட்டுட்டு நான் மூச்சு வாங்கற எடத்தையே திருப்பித் திருப்பி ஓட விட்டுட்டு இருந்தீங்க. அதுக்கப்பறந்தான் சமையக்கட்டுக்குப் போனேன்."

கிண்ணத்தைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

டிஸ்சார்ஜ். அக்காவும் அக்கா மகளும் வாடகைக் கார் வைத்து அழைத்துப் போனார்கள். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருக்கிறார்கள். டயாலிசிஸும் இனி அங்கேதான். பையைத் தூக்கிக் காரில் வைத்தேன். எடை எழுதிய பழைய நோட்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த டைரியைக் கொடுக்கவில்லை.

"நான் எப்ப வரட்டும்?" என்றேன்.

"கையெழுத்து வேணும்னா கூப்பிடறோம்" என்றார் அக்கா.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மெம்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழைய வீடியோக்களைச் சேர்த்து ஒன்று போட்டேன். யாரும் ஏமாறவில்லை. "வாணி எங்கே?" "அக்காவுக்கு என்ன ஆச்சு?" புனிதா அம்மா மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

சாதமும் தயிரும். இந்த வீட்டில் இப்போது நான் எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் டம்ளரை எடுத்தால் வாணிக்காக அதில் போட்டிருந்த அளவுக்கோடு வரைக்கும்தான் ஊற்ற வருகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

கூப்பிட்டார்கள். போனேன். ஏழு இடத்தில் கையெழுத்து. ஷீபா மேடம் என்னைப் பார்க்காமல் தாளை மட்டும் திருப்பித் திருப்பி வைத்தார். ஆபரேஷன் 18ஆம் தேதி. வாணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கையை ஆட்டினேன். அவள் கை அசையவில்லை.

அக்கா வெளியே வந்து சொன்னார். "அவளப் பத்தி இனி ஒண்ணும் போட வேண்டாம்னு சொல்லச் சொன்னா. போடறதா இருந்தா, நடந்தது என்னமோ அதப் போடச் சொன்னா."

செப்டம்பர் 16, திங்கள்

போட்டுவிட்டேன்.

காலை பத்து மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து எடுத்தேன். ஜூலை 12ஆம் தேதி நாள் கொடுத்தார்கள், நான் பொய் சொன்னேன், உங்கள் பணத்துக்காகச் சொன்னேன், என் மனைவி சாகப் போனாள். இதுதான் மொத்தம். ஐந்து நிமிடம்.

முதல் முறை எடுத்தது சரியாக வரவில்லை, செய்தி வாசிப்பதுபோல இருந்தது. இரண்டாவது முறை தெருவில் குப்பை வண்டி. மூன்றாவது முறை குரல் கம்மியது. அதைத்தான் போட்டேன். ஏன் மூன்று முறை எடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டேன். உள்ளே போகவில்லை. மூன்றரை மணிக்கு அக்காவின் மகள் வெளியே வந்து, "சித்தப்பா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சித்திக்கு உடனே யூரின் வந்துருச்சாம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் என் கையைத் தொடவில்லை, ஆனால் சிறிது நேரம் பக்கத்தில் நின்றாள்.

செப்டம்பர் 25, புதன்

மெம்பர்கள் விலகுகிறார்கள். 1,190 இருந்தது, இன்று 212. புனிதா அம்மா ஒரு வரி எழுதியிருக்கிறார். "என் பிள்ளைக்கு அர்ச்சனை செய்தேன். உனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை."

ஆனால் வீடியோ நிற்கவில்லை. திட்டுவதற்காக அனுப்புகிறார்கள், திட்டுவதற்காகவே பார்க்கிறார்கள். என் முகத்தை வைத்து மற்ற சேனல்காரர்கள் தனித்தனி வீடியோ செய்கிறார்கள். வீடியோ தளத்தின் நிறுவனத்திலிருந்து தானாக வரும் வாழ்த்துக் கடிதம் வந்தது: இந்த மாதம் உங்கள் சேனலின் மிகச் சிறந்த மாதம்.

கையில் இதுவரை வந்திருந்த பணத்தை அக்கா பெயருக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

வாணி பார்க்கச் சம்மதித்தாள். பத்து நிமிடம், முகக்கவசத்தோடு, தள்ளி உட்கார வேண்டும் என்று அக்கா சொன்னார். அவர்கள் அறை எடுத்திருக்கும் கட்டிடத்தின் இரண்டாவது மாடி. அக்கா ஒரு பக்கமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் நடக்கிறார்.

வாணி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். முகத்தில் கருமை போயிருந்தது. மாத்திரையால் கன்னம் உப்பியிருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் பேருந்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் வாடகை ஏற்றப்போவதைச் சொன்னேன். பழைய கம்பெனியில் செக்கிங்கிலேயே தினக்கூலிக்குச் சேர்ந்திருப்பதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

பிறகு கேட்டாள். "அந்த வீடியோ, நீங்க பேசுனது. எத்தன பேர் பாத்தாங்க?"

"இருபத்தாறு லட்சத்து நாப்பத்தோராயிரம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவள் கேட்டு முடிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. அன்று காலை பஸ்ஸில் பார்த்த எண்.

வாணி என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. துணி மடிக்கும்போது கிழிசல் தெரிந்தால் ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பாளே, அப்படி. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.

கேட்க வாயைத் திறந்தேன். அக்கா கதவருகே வந்து நின்று, "நேரமாச்சுங்க மாப்ள" என்றார்.